பாட்டாவும் சித்திரைத் திருநாளும்: டிவிக்காரர்கள் பண்டிகைக்கு வைத்த பெயர்கள்

2009 ஏப்ரல். எனக்கு அப்போ பதினொரு வயசு இருக்கும். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் பாட்டா வீட்டில் (எங்க ஊரில் தாத்தாவைப் பாட்டான்னுதான் கூப்பிடுவோம்) ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தோம். ஒரு சேனலில் "சித்திரைத் திருநாள் சிறப்பு நிகழ்ச்சிகள்" என்று விளம்பரம் ஓடிக்கிட்டிருந்தது. குத்துவிளக்கு சுத்துது, பூ கொட்டுது, ஒரு நடிகை கைகூப்பி வாழ்த்து சொல்றாங்க. பாட்டா மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு கேட்டார்:

"லேய் மக்கா, மகாராஜா பொறந்தநாள் ஐப்பசியில்லா வரும்? இவன் எதுக்கு சித்திரையில கொண்டாடுகான்?"

எங்களுக்கு ஒண்ணும் புரியலை. அப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் சிரிச்ச சிரிப்பில் ஆச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்லணும். திருவிதாங்கூர் ராஜாக்களுக்குப் பிறந்த நட்சத்திரத்தோடு 'திருநாள்' சேர்த்துப் பெயர் சொல்வது வழக்கம். சுவாதித் திருநாள், ஆயில்யம் திருநாள், மூலம் திருநாள் என்று வரிசை போகும். கடைசி மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மா. 1912 நவம்பரில், ஐப்பசி மாசம் சித்திரை நட்சத்திரத்தில் பிறந்தவர். 1931ல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார். 1936 நவம்பர் 12ல் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். அவருடைய பிறந்த நட்சத்திரத்துக்குச் சபரிமலையில் சித்திரை ஆட்டத் திருநாள் என்று இன்றைக்கும் நடை திறக்கிறார்கள். பாட்டா சின்னப் பையனா இருந்தப்போ கன்னியாகுமரி மாவட்டமே கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் திருவிதாங்கூர் தாலுகாக்கள். ஆக, சித்திரைத் திருநாள் என்றால் அவருக்கு ஒரு ஆளோட பெயர். சேனல் சொன்னது ஏப்ரல் 14ஐ.

பாட்டா ஜோக் அடிக்கலை, நிஜமாவே சந்தேகம்தான் கேட்டார். எனக்கு அது அப்போ வெறும் சிரிப்பு. பின்னாடி கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, ஒரு பண்டிகைத் தள்ளுபடிப் பக்கத்துக்குத் தலைப்பு வைக்க ஏழு பேர் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் மண்டையை உடைச்ச அன்றைக்கு பாட்டா ஞாபகம் வந்தது. ஒரு சேனல் பண்டிகையை 'பிராண்ட்' பண்றதுன்னா என்ன? கிராபிக்ஸா, புதுப்படமா, இல்லை அந்த நாளுக்கு அது வைக்கிற பெயரா? தமிழ் டிவி சரித்திரத்தைப் புரட்டினால் பெயரில்தான் பெரிய பெரிய சமாச்சாரமெல்லாம் நடந்திருக்கு.

முதலில் தூர்தர்ஷன் காலம். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் வந்தது. எங்க ஊரிலிருந்து சென்னை கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 70க்கும் குறைவு. அப்பா கணக்குப்படி ஆன்டெனாவை மேற்கே திருப்பினால் திருவனந்தபுரம் 'கண்ணாடி மாதிரி' விழும். அங்கே 1985 ஜனவரி 1 முதல் மலையாள நிகழ்ச்சிகள். கடற்கரைப் பக்கம் இருந்தவங்களுக்குக் காற்று நல்லா இருந்தால் இலங்கை ரூபவாகினியும் உண்டு. ஆக, எங்க மாவட்டத்தில் ஒரு தலைமுறை தமிழ் வீட்டில் பிறந்து மலையாளச் செய்தி கேட்டு வளர்ந்தது. ஓணம் நிகழ்ச்சிகளைத் தெளிவாகவும், பொங்கல் நிகழ்ச்சிகளைப் புள்ளி புள்ளியாகவும் பார்த்த தலைமுறை அது.

அரசாங்க டிவிக்கு பிராண்டிங் எல்லாம் பெருசா தேவைப்படலை. போட்டி இல்லாத கடைக்கு எதுக்கு போர்டு? ஆனால் ஒரு நல்ல விஷயத்தை அது ரேடியோவிடமிருந்து வாங்கி வைத்திருந்தது: விடிகாலை மங்கள இசை. நாதஸ்வரமும் தவிலும் கேட்டால் இன்றைக்கு விசேஷம் என்று தூக்கத்திலேயே தெரிந்துவிடும். (இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. ஊர்ப் பெருமையைச் சொல்ல கிடைக்கிற சந்தர்ப்பத்தை விடக்கூடாது பாருங்க.) பின்னால் வந்த தனியார் சேனல்கள் எல்லாத்தையும் மாத்தின போதும், பண்டிகை நாளை மங்கள இசையில் தொடங்குகிற பழக்கத்தில் மட்டும் கை வைக்கலை.

1993க்கு வருவோம். வீடியோ கேசட்டில் 'பூமாலை' என்ற பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த கலாநிதி மாறன் சன் டிவியைத் தொடங்குகிறார். தேதி ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. அதே வருஷம் ஆகஸ்ட் 30ல், ஓணக் காலத்தில், மலையாளத்தின் முதல் தனியார் சேனலான ஏசியாநெட் தொடங்குகிறது. ரெண்டு சேனலும் பிறந்தநாளையே பண்டிகையிலிருந்து கடன் வாங்கிக்கொண்டன. கடை திறக்க நாள் பார்க்கிற நம்ம ஊர்ப் புத்திதான். ஆனால் இதைவிடப் பெரிய பிராண்டிங் முடிவு வேற கிடையாது. வருஷா வருஷம் அந்த நாள் வரும்போது சேனலுக்கும் சேர்த்துப் பிறந்தநாள். ஊரே வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருக்கும், அழைப்பிதழ் செலவு மிச்சம்.

அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் சன் டிவி என்ன பண்ணியது என்று நம்ம வயசுக்காரங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பண்டிகைக்கு ஒரு கால அட்டவணை போட்டது. காலையில் மங்கள இசை, பிறகு ஆன்மிகமோ வாழ்த்தோ, சினிமாக்காரர்கள் பேட்டி, பத்து மணி வாக்கில் சாலமன் பாப்பையா பட்டிமன்றம், அது முடிஞ்சதும் புதுப்படம், சாயங்காலம் இன்னொரு புதுப்படம். நடுவில் அந்தக் கனத்த குரல்: இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன...

எங்க வீட்டில் தீபாவளி நேரம் எல்லாம் இந்த அட்டவணைப்படிதான் ஓடும். பட்டிமன்றத்துக்கு முன்னாடி எண்ணெய்க் குளியல் முடிஞ்சிருக்கணும். படம் தொடங்கும் முன்னாடி அடுக்களை வேலை ஒதுங்கணும். ஆச்சி "ராஜா பேசும்போ விளி" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். ராஜா பேசும்போது கூப்பிட மறந்தவன் பாடு திண்டாட்டம்தான். பாரதி பாஸ்கர் பேசினால் அவளாகவே வந்து நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள்.

இந்தப் பட்டிமன்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். அது டிவி கண்டுபிடிச்ச சரக்கு கிடையாது. கம்பன் கழக மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக இருந்து அதை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். திருவிழா ராத்திரியில் மணலில் உட்கார்ந்து கேட்டதை சன் டிவி காலை பத்து மணிக்கு வீட்டுக்குள் கொண்டு வந்தது. இலக்கியத் தலைப்பு போய் மாமியார் மருமகள் தலைப்பு வந்தது என்று பண்டிதர்கள் வருத்தப்பட்டார்கள். அது நியாயமான வருத்தம்தான். ஆனால் பண்டிகைக்கு ஜனங்கள் ஏற்கனவே கூடி உட்கார்ந்து செய்துகொண்டிருந்த ஒன்றை எடுத்தார்கள் பாருங்க, அங்கேதான் ஜெயிச்சாங்க. லோகோவுக்குத் தலைப்பாகை கட்டுறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

உலகத்தில் எங்கே பார்த்தாலும் இப்படித்தான் நடந்திருக்கு. ஜப்பானில் என்.எச்.கே.யின் கோஹாகு பாட்டுப் போட்டி 1951ல் ரேடியோவில் தொடங்கி, 1953 டிசம்பர் 31லிருந்து வருஷக் கடைசி ராத்திரிக்கு டிவியில் வந்து உட்கார்ந்தது. ஆண்கள் வெள்ளை அணி, பெண்கள் சிவப்பு அணி. சீனாவில் 1983லிருந்து சி.சி.டிவியின் வசந்த விழாக் கலைநிகழ்ச்சி புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி நடக்குது. இங்கிலாந்தில் 1957லிருந்து கிறிஸ்துமஸ் மதியம் ராணியின் வாழ்த்துரை டிவியில் வந்தது, இப்போ ராஜா பேசுறார். எல்லாத்திலும் ஒரே சூத்திரம்: குடும்பம் எந்த நேரத்தில் சேர்ந்து உட்காருமோ அந்த நேரத்தில், வருஷா வருஷம் மாறாத ஒன்றை வைக்கிறது. வில்லுப்பாட்டை யாராவது தீபாவளிக் காலையில் இப்படி உட்கார வைத்திருந்தால் எங்க ஊர் ஆட்கள் கோயில் கட்டியிருப்பார்கள். ம்ஹும், நடக்கலை.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம்.

திராவிட இயக்கத்துக்கும் தீபாவளிக்கும் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். நரகாசுரன் கதையை ஆரியர் கதை என்று பெரியார் மறுத்தார். அதற்குப் பதிலாகப் பொங்கலைத் தமிழர் திருநாள் என்று தி.மு.க. மேடை மேடையாகக் கொண்டாடியது. ஒரு கட்சி ஒரு பண்டிகையைத் தூக்கிப் பிடித்து மாநிலம் முழுக்க அதற்கு ஒரு புதுக் கௌரவம் வாங்கிக் கொடுத்தது என்று பார்த்தால், அது டிவி வருவதற்கு முன்னாடி நடந்த ஒரு பெரிய பிராண்டிங் வேலை. அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய சன் டிவி, வியாபாரத்தில் கறாராக இருந்தது. தீபாவளியைத் தீபாவளி என்றே சொல்லி விளம்பரம் வாங்கியது. கொள்கை வேற, பட்டுப்புடவைக் கடை விளம்பரம் வேற. யாரும் பெரிதாகக் கேட்கலை.

2007 மே மாசம் மாறன் சகோதரர்களுக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் முறிந்தது. கலைஞர் டிவி என்று புதுசா ஒரு சேனல் தயாராச்சு. தொடங்கிய நாள் 2007 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அந்த வருஷம் பிள்ளையார் என்ன பண்ணார் தெரியுமா? அதே நாளில் வந்து உட்கார்ந்துட்டார். அன்றைக்கு விநாயகர் சதுர்த்தி! :) நான் கதை விடலை, பழைய காலண்டர் இருந்தால் எடுத்துப் பாருங்க.

இந்தச் சேனல்தான் விநாயகர் சதுர்த்தி போன்ற நாட்களுக்கு "விடுமுறை தின சிறப்பு நிகழ்ச்சிகள்" என்று போட்டது. எத்தனை கிண்டல்! மேடைப் பேச்சு, பத்திரிகை கார்ட்டூன், டீக்கடை என்று ஒரு இடம் பாக்கி இல்லை. எங்க பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையனைப் பார்த்தால் "விடுமுறை தின வாழ்த்துகள்ல" என்று சொல்லிக்கொள்வோம்.

இப்போ யோசிச்சால் அந்தக் கிண்டலில் நான் பாதிக்குத்தான் சேருவேன். நம்பிக்கை இல்லாத பண்டிகையின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறதில் ஒரு நேர்மை இருக்கு. அமெரிக்காவில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' சொல்றதா 'ஹேப்பி ஹாலிடேஸ்' சொல்றதா என்று வருஷா வருஷம் சண்டை போடுறாங்க. எல்லா மதத்துக்காரனும் வாங்க வருகிற கடையில் பொதுவாகச் சொல்லுவோமே என்கிறது ஒரு கட்சி. அதுக்கும் ஒரு நியாயம் இருக்கு.

ஆனால் இடிக்கிற இடம் வேற. பெயரைத்தான் எடுத்தார்களே தவிர, உள்ளே இருந்தது அதே பட்டிமன்றம், அதே நடிகை பேட்டி, அதே புதுப்படம், அதே நகைக்கடை விளம்பரம். பண்டிகையை ஏத்துக்கலைன்னா அன்றைக்கு வேற ஏதாவது காட்டணும். இல்லை, எல்லா நாளும் போல சீரியல் போடணும். பண்டிகைச் சாப்பாட்டை முழுசாப் பரிமாறிட்டு இலைக்கு மட்டும் பெயர் சொல்ல மாட்டேன்னா எப்படி? கம்ப்யூட்டர்காரன் பாஷையில் சொன்னால், டெம்ப்ளேட்டில் 'பண்டிகையின் பெயர்' என்று இருந்த காலி இடத்தை நிரப்பாமலே லைவ் விட்ட மாதிரி. இன்னொரு தமாஷ், தி.மு.க. ஆட்சியிலேயே அரசு வெளியிட்ட விடுமுறைப் பட்டியலில் விநாயகர் சதுர்த்தி, தீபாவளி என்று பெயர் போட்டுத்தான் இருந்தது. அரசாங்கக் கோப்புக்கு வராத கூச்சம் கேளிக்கை சேனலுக்கு வந்தது.

அதே சேனல் பொங்கலுக்கு எப்படி இருந்தது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். அன்றைக்குக் கூச்சமே இருக்காது. தமிழர் திருநாள், உழவர், வள்ளுவர் என்று நிறைஞ்சு வரும். நம்பிச் சொல்கிற பெயருக்கும் நம்பாமல் முழுங்குகிற பெயருக்கும் நடுவில் இருக்கிற தூரம் அது. சின்னப் பையன் எனக்கே தெரிஞ்சுது.

2008 ஜனவரியில் இன்னொரு திருப்பம். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று கருணாநிதி அரசு சட்டம் கொண்டு வந்தது. அப்போ ஏப்ரல் 14க்கு என்ன பெயர்? அம்பேத்கர் பிறந்தநாள் என்பதால் விடுமுறைக்குக் குறை இல்லை, டிவிக்குத்தான் பெயர் வேணும். கலைஞர் டிவி 'சித்திரைத் திருநாள்' என்றது. அ.தி.மு.க. பக்கம் இருந்த ஜெயா டிவி 'தமிழ்ப் புத்தாண்டு' என்றே சொல்லியது. ரிமோட்டில் ஒரு பட்டன் தள்ளினால் புத்தாண்டு, இன்னொன்று தள்ளினால் திருநாள். வீட்டில் எந்தச் சேனல் ஓடுதுன்னு பார்த்தாலே ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம் போல. 2011ல் ஆட்சி மாறியது, ஆகஸ்டில் அந்தச் சட்டம் ரத்தானது, புத்தாண்டு மறுபடி சித்திரைக்குப் போனது.

நான் முதலில் சொன்ன பாட்டா சந்தேகம் இந்த மூணு வருஷ இடைவெளியில் வந்ததுதான். அப்பா சட்டத்தை விளக்கிச் சொன்னப்போ பாட்டா அசரலை. "தையும் வேண்டாம் சித்திரையும் வேண்டாம். புது வருசம் ஆவணி ஒண்ணுல்லாடே?" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். அவருக்குத் தெரிஞ்சது கொல்லம் ஆண்டு. கி.பி. 825ல் தொடங்குகிற கணக்கு, வருஷப் பிறப்பு ஆவணி முதல் தேதி, மலையாளத்தில் சிங்கம் ஒன்று. பழைய திருவிதாங்கூரில் பள்ளிக்கூடச் சான்றிதழ், நிலப் பத்திரம், ஜாதகம் எல்லாம் அதில்தான். ஆவணி ஒண்ணு வருஷப் பிறப்பு, சித்திரை ஒண்ணு விசு, தை ஒண்ணு பொங்கல். அவருக்கு ஒன்றோடொன்று மோதவே இல்லை. சென்னையிலிருந்து வந்த டிவிக்குத்தான் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

இங்கே கைரளியைச் சொல்லாமல் போனால் கட்டுரை நொண்டும். கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சி சார்புள்ள சேனல். கடவுள் நம்பிக்கையில் தி.மு.க.வை விடக் கறாரான கட்சி. அந்தச் சேனல் தொடங்கியது 2000 ஆகஸ்ட் 17, சிங்கம் ஒன்று, கொல்லம் 1176ன் முதல் நாள்! ஓணத்துக்கு ஓணம் என்றே சொல்லி நிகழ்ச்சி போட்டது, எந்தச் சங்கடமும் இல்லை. ஏன்? மாவேலி ஆண்டபோது எல்லாரும் சமம் என்கிற கதையைக் கம்யூனிஸ்ட்காரரும் தன் கதையாகச் சொல்லிக்கொள்ள முடியும். வாமனன் காலால் அழுத்தப்பட்ட ராஜாவின் பக்கம் நின்றுகொண்டே பண்டிகை கொண்டாடலாம். அதோடு 1961ல் கேரள அரசு ஓணத்தை மாநிலத்தின் தேசியத் திருவிழாவாக அறிவித்திருந்தது. அப்போ முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. குமரிக்காரங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வேற ஞாபகம் வரும். 1954 ஆகஸ்டில் தமிழ்நாட்டோடு சேரணும் என்று போராடினவங்க மேல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தப்போ திருவிதாங்கூர் கொச்சி முதலமைச்சரும் அவர்தான். ரெண்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1ல் நாங்க தமிழ்நாட்டுக்கு வந்தோம். ஓணம் அங்கேயே நின்றுவிடலை, கூடவே வந்தது. இன்றைக்கும் ஓணத்துக்கு எங்க மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு, தோவாளைப் பூச்சந்தையில் அந்த வாரம் நிற்க இடம் கிடைக்காது.

கேபிள் வந்த பிறகு எங்க வீட்டில் தமிழ்ச் சேனலும் மலையாளச் சேனலும் ஒரே ரிமோட்டில். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி எங்களுக்கு இருந்தது. என் நண்பன் ஒருத்தன் மார்த்தாண்டம் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்துமஸ் வந்தால் அவங்க வீட்டில் மலையாளச் சேனல்தான் ஓடும். ஏன்டான்னு கேட்டேன். "அதுலதாம்ல எங்க வீடு மாதிரி இருக்கு" என்றான். வாசலில் நட்சத்திரம், குடில், கேரல் பாட்டு, அப்பம். 2011 கணக்கெடுப்பில் எங்க மாவட்டத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டமே விடுமுறை எடுக்கும். அவனைப் போன்ற பையனுக்குத் தமிழ்ச் சேனலில் கிறிஸ்துமஸ் என்றால் ஒரு வாழ்த்து அட்டை, பிறகு ஒரு மசாலாப் படம். அவனுக்குப் பட்டது அப்படி.

பொங்கலும் அப்படித்தான் கொஞ்சம் அந்நியம். டிவியில் காட்டுகிற பொங்கலில் செட்டு போட்ட குடிசை, கரும்புக் கட்டு, காங்கேயம் காளை, வேட்டி கட்டின தொகுப்பாளர். எங்க ஆச்சி பொங்கலில் பனங்கிழங்கு, சிறுகிழங்கு, மஞ்சள் குலை, மகளுக்குக் கொடுத்து அனுப்பும் பொங்கப்படி. இதில் ஒண்ணாவது திரையில் வந்தால் வீட்டில் எல்லாரும் ஓடி வந்து பார்த்திருப்போம். பெயர் சரியா இருந்தும் படம் வேற ஊர்ப் படமா இருந்தது.

இதையெல்லாம் நான் குறையாச் சொல்லி என்ன ஆகப்போகுது? சேனலுக்குச் சென்னை, மதுரை, கோவைதான் கணக்கு. தென்கோடியில் நாலு தாலுகாவுக்குத் தனியா விளக்கு சுத்த முடியாது. ஆனால் ஒண்ணு நடந்துபோச்சு. ஆச்சி இருந்தவரைக்கும் எங்க வீட்டில் சித்திரை ஒண்ணுக்குப் பெயர் விசு. முந்தின ராத்திரியே உருளியில் வெள்ளரிக்காய், மாங்காய், வாழைப்பழம், கொன்றைப்பூ, கண்ணாடி, துட்டு எல்லாம் அடுக்கி வைத்து, காலையில் எங்க கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போய்க் கனி காட்டுவாள். பாட்டா கைநீட்டம் கொடுப்பார். அம்மா காலத்தில் மெல்ல மெல்ல அது 'தமிழ்ப் புத்தாண்டு' ஆயிடுச்சு. யாரும் மாத்தணும்னு நினைக்கலை. காலையில் டிவி போட்டால் வாழ்த்து அப்படி வருது, நாமும் அப்படியே சொல்லிட்டோம். பாட்டா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகுது. சித்திரைத் திருநாள் என்றால் மகாராஜா என்று நினைக்கிற ஆள் எங்க தெருவில் இனி இல்லை.

2023ல் ஒரு கூத்து. அந்த வருஷம் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, கேரளத்தில் விஷு 15. சூரியன் ராசி மாறுகிற நேரத்தை ரெண்டு பக்கமும் ரெண்டு விதமாக் கணக்குப் போடுவதால் சில வருஷம் இப்படித் தள்ளிப் போகும். நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். 14ஆம் தேதி காலையில் அம்மா கனி வைத்தாள். அக்கா மகளுக்கு ஆறு வயசு, கையில் பத்து ரூபாய்க் காசு வாங்கிக்கொண்டு போய் டிவி முன்னாடி உட்கார்ந்தாள். பட்டிமன்றம் ஓடிக்கிட்டிருந்தது. மறுநாள் காலையில் அவள் ரிமோட்டை எதையோ அமுக்க, மலையாளச் சேனல் வந்தது. உருளி, கொன்றைப்பூ, கண்ணாடி, அப்படியே முந்தின நாள் எங்க வீட்டில் பார்த்தது.

"அம்மாச்சி, இன்னிக்கும் கனியாம், டிவியில சொல்லுது" என்று கத்தினாள்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் முடிந்திருந்த இன்னொரு பத்து ரூபாய்க் காசை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இது விசுக்கு. நேத்தைக்குக் குடுத்தது டிவிக்காரனுக்கு."